வெங்காயத் தாள் மஞ்சளானால் முதலில் வேரைப் பாருங்கள்: வீட்டுத் தோட்டத்தில் வெங்காயம், பூண்டு நோய்களை அறிகுறி கொண்டு அறிதல்

வீட்டில் சின்ன வெங்காயம் நட்டவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தாள் மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிக்கலாம்? இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. குமிழின் அடியில் வேர் தொடங்கும் அடித்தட்டு அழுகினாலும் தாள் மஞ்சளாகும். இலைப்பேன் என்ற சிறு பூச்சி சுரண்டினாலும் மஞ்சளாகும். பாய்ச்சும் தண்ணீரில் உப்பு மிகுந்தால் நுனி காயும். நட்டு அறுபத்தைந்து, எழுபது நாள் ஆகி அறுவடைக்கு வந்துவிட்டாலும் தாள் மஞ்சளாகித்தான் சாயும். மண்ணுக்கு மேலே எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும் இந்த நான்குக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. ஆகவே மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு செடியைப் பலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். முழுதும் செத்த செடியையும் நன்றாக இருக்கும் செடியையும் விட்டுவிட்டு, நோய் தொடங்கி இரண்டு மூன்று நாளே ஆன ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, தாளைப் பிடித்து இழுக்காமல், சிறு கரண்டியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி வேரோடு எடுங்கள். அதைத் தண்ணீரில் அலசி, வெள்ளைக் காகிதம் ஒன்றின்மேல் வைத்து, குமிழை மேலிருந்து கீழாக நடுவே பிளந்து பாருங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறியும் இந்தச் சோதனைக்குப் பிறகே பொருள் தரும்.

தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிறது. இழுத்தால் செடி எளிதாகக் கையோடு வருகிறது

நல்ல வெங்காயச் செடி மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். லேசாக இழுத்த உடனேயே வந்துவிட்டால் வேர் போய்விட்டது என்று பொருள். பிளந்து பார்க்கும்போது வேர்கள் தொடங்கும் அந்தத் தட்டையான அடிப்பகுதி வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, நீர் கோத்து, சில சமயம் மெல்லிய வெண்பூசணத்தோடு இருந்தால் அது அடித்தாள் அழுகல் நோய். ஃபியூசேரியம் என்ற மண்வழிப் பூசணம் இதற்குக் காரணம். மண்ணின் வெப்பம் 28 முதல் 32 டிகிரி வரை இருக்கும்போது இது மிக வேகமாகப் பரவும். நம் சமவெளி மொட்டைமாடிகளில் கறுப்பு வளர்ப்புப் பைக்குள் இருக்கும் மண் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாடியில் பன்னிரண்டு பைகளில் சமையலுக்கு வாங்கிய வெங்காயத்தையே நட்டிருந்தேன். முப்பதாம் நாள் வாக்கில் நான்கு பைகளில் தாள் நுனி காயத் தொடங்கியது. பூச்சி என்று எண்ணி இரண்டு முறை வேப்பெண்ணெய் தெளித்தேன். இரண்டு வாரம் கழித்து ஒன்றைப் பிடுங்கியபோது குமிழ் மட்டும் கையில் வந்தது. அடித்தட்டு மண்ணிலேயே தங்கிவிட்டது. அதை விரலால் தேய்த்தபோது ஊறிய அட்டைபோல் பிரிந்தது. அந்த இரண்டு வாரமும் நான் தெளித்த எதுவும் நோய் இருந்த இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

இந்த நோய் பிடித்த செடியைக் காப்பாற்ற இயலாது. அதையும் அதைச் சுற்றி ஒரு சாண் மண்ணையும் எடுத்து அகற்ற வேண்டும். உரக்குழியில் போடக் கூடாது. மீதமுள்ள செடிகளுக்கு இரண்டு நாள் நீரை நிறுத்தி மேல்மண் காய விட்டு, பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கலந்து வேரடியில் ஊற்றலாம். இது பரவுவதைக் குறைக்குமே ஒழிய, அழுகிய தட்டைத் திரும்ப வளர்க்காது.

உண்மையான தீர்வு அடுத்த நடவில்தான் இருக்கிறது. விதை வெங்காயத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்போல இருந்தால் வையுங்கள், சற்று அமுங்கினாலும் குழம்புக்கு அனுப்பிவிடுங்கள். தேறியதை, நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா விரிடிப் பொடியில், ஒரு கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில் புரட்டி நிழலில் உலர்த்தி நடலாம். மண்ணுக்கு, 10 கிலோ தொழு உரத்தில் 100 கிராம் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து இடுவது, பொடியை அப்படியே தூவுவதைவிடப் பன்மடங்கு பலன் தரும். அந்த ஒரு வாரத்தில் இந்த நல்ல பூசணம் உரத்தில் பெருகிக்கொள்கிறது. ஏற்கெனவே நோய் வந்த பையில் வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எதையும் குறைந்தது மூன்று ஆண்டு நட வேண்டாம். கீரை, அவரை, தக்காளி என்று மாற்றிக்கொள்ளுங்கள். மண் வீணாகக் கூடாது என்பவர்கள் சித்திரை, வைகாசியில் அதை நனைத்துத் தரையில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடலாம். கறுப்புத் தாள் இதற்கு அந்த அளவு பயன்படாது.

குமிழைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போன்ற உருண்டைகள் இருக்கின்றன

மண்மட்டத்தில் விசிறிபோல விரிந்த வெண்ணிற இழைகளும், அவற்றில் ஒட்டிய பழுப்புக் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் அழுகல். அந்தக் கடுகுதான் நோயின் விதை. பயிர் இல்லாமலேயே மண்ணில் பல ஆண்டு கிடக்கும். ஆகவே செடியைப் பிடுங்கும்போது அவை உதிராதபடி மண்கட்டியோடு ஒரு பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பாதி மட்கிய இலைதழை மேல்மண்ணில் கிடப்பது இதற்கு மிகவும் ஏற்ற உணவு என்பதால் மூடாக்குப் பழக்கம் உள்ளவர்கள் வெங்காயப் பைகளில் மட்டுமாவது அதைக் கழுத்தை ஒட்டிப் போடாமல் இருப்பது நல்லது.

வேர் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. குமிழ் நன்றாகத்தான் இருக்கிறது

இது இளஞ்சிவப்பு வேர் நோய். செடி சாகாது, வளராது, குமிழ் சிறுத்துப்போகும். இதற்கென்று தெளிக்கும் மருந்தை நாட வேண்டாம். பயிர் மாற்றமும், மேலே சொன்னபடி மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் விடுவதுமே வழி.

தாளில் வெள்ளைப் புள்ளி தோன்றி, நடுவில் ஊதா நிறமாகிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் மிகுதியாகக் கேட்கப்படும் நோய் இது. முதலில் தாளில் கடுகளவு வெண்புள்ளி சற்றே குழிந்து தோன்றும். அது நீளவாக்கில் விரிந்து, நடுப்பகுதி ஊதாவாகவும் ஓரம் மஞ்சள் வளையமாகவும் மாறும். முற்றிய புள்ளியைக் காலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மரத்தை வெட்டிய குறுக்குமுகத்தில் இருப்பதுபோல் ஒன்றனுள் ஒன்றாகக் கருவளையங்கள் தெரியும். புள்ளி தாளைச் சுற்றி வளைத்துவிட்டால் அந்த இடத்தில் தாள் ஒடிந்து தொங்கும். இதுவே ஊதாப் புள்ளி நோய்; ஆல்டர்னேரியா பூசணத்தால் வருவது. இளந்தாளைவிட முதிர்ந்த தாளை முதலில் பிடிக்கும். பூண்டிலும் இதே தோற்றத்தில் வரும்.

தாளின்மேல் ஈரம் நெடுநேரம் தங்குவதே இதன் உயிர். மாலையில் பூவாளியால் தலைக்குமேல் நீர் ஊற்றும் வழக்கம் உள்ள வீடுகளில் மழையே இல்லாமலும் இந்த நோயைப் பார்க்கலாம். நீரைக் காலையில், வேரடியில் மட்டும் விடுங்கள். செடிக்குச் செடி 10 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். இருக்கும் இடத்தில் எல்லாம் நெருக்கி நட்டவர்கள் இடையிடையே சில செடிகளை வெங்காயத்தாளாகப் பிடுங்கிச் சமைத்துவிட்டால் காற்று ஓடும். புள்ளி விழுந்த தாளைக் கத்தரியால் நறுக்கி அகற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் பாதித் தாளுக்கு மேல் நறுக்கிவிட்டால் குமிழ் பருக்க வழியில்லாமல் போகும்.

தெளிப்பது என்று முடிவு செய்தால் முதலில் ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும்: வெங்காயத் தாளின்மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. வெறும் நீரில் கரைத்த எதுவும் அதன்மேல் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். ஒரு லிட்டருக்கு 2 கிராம் அளவு சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் கரைசல் படலமாகப் பரவி நிற்கும். தெளித்தபின் ஒரு தாளை உற்றுப் பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தொடக்க நிலையில் 5 கிராம் சூடோமோனாஸை ஒரு லிட்டர் நீரில் கலந்து, பத்து நாளுக்கு ஒரு முறை மாலையில் தெளிப்பது போதும். மழை தொடர்ந்து, புள்ளி செடிக்குச் செடி தாவுமானால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த 1 சதவீதப் போர்டோ கலவையை நான் பரிந்துரைப்பேன்.

அதைச் செய்யும் முறை இது. 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருக்கட்டும், உலோகம் ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றியபடி கிளறுங்கள். வானநீலக் குழம்பு கிடைக்கும். பளபளப்பான இரும்புக் கத்தி ஒன்றை அதில் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். முனையில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிகை என்று பொருள், அது தாளைக் கருக்கிவிடும். இன்னும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்த்து, படிவு வராத வரை சோதியுங்கள். இந்தக் கலவையை அன்றன்றே செய்து அன்றே தெளித்துவிட வேண்டும். செம்பு நல்ல நுண்ணுயிரையும் கொல்லும் என்பதால் இதற்கும் சூடோமோனாஸ் தெளிப்புக்கும் நடுவே பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். தெளித்த செடிகளின் தாளைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம்.

மான்கோசெப் என்ற ரசாயனப் பூசணக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம் என்பது வயல்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு. பத்துப் பை வைத்திருக்கும் வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டில் விளைவிப்பதன் நோக்கமே தாளைக் கிள்ளி அப்படியே சட்டியில் போடுவதுதான்.

தாள் திருகிச் சுருள்கிறது. கழுத்து வழக்கத்துக்கு மாறாக நீள்கிறது

பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல் பகுதிகளில் சின்ன வெங்காயம் பயிரிடுவோர் மழைக்காலத்தில் அஞ்சும் திருகல் நோய் இது. தாள்கள் நேரே நிற்காமல் கயிறு முறுக்கியதுபோல் வளைந்து தரையில் படியும். குமிழுக்கும் தாளுக்கும் இடைப்பட்ட கழுத்து வெளிறி நீண்டு, குமிழ் உருண்டையாகாமல் ஒல்லியாக இருக்கும். தாளில் உள்ள வெளிறிய குழிகளில் சிறு கரும்புள்ளிகள் வளையமாக அமைந்திருந்தால் ஐயமே வேண்டாம்.

மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது பூசண வித்துகள் பக்கத்துச் செடிக்குப் போகின்றன. ஆகவே மாடித் தோட்டத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அடைமழை நாட்களில் பைகளைக் கூரையின்கீழ் நகர்த்துவதுதான். வயலில் விவசாயிக்கு இல்லாத இந்த வசதி நமக்கு இருக்கிறது. திருகிய செடி நிமிராது. அதைக் கண்ட அன்றே அகற்றிவிட்டு, மற்றவற்றுக்கு மேலே சொன்ன தெளிப்புகளைச் செய்யலாம். தழைச்சத்து மிகுந்த செடியில் தாள் மென்மையாகி நோய் விரைவாக இறங்கும் என்பதால் அந்தச் சமயத்தில் மீன் அமிலம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல் போன்றவற்றை நிறுத்தி வையுங்கள்.

தாளில் வெள்ளிக் கோடுகள், நடுக்குருத்து சுருங்குகிறது

இது நோய் அன்று, இலைப்பேன். நடுத்தாள்கள் பிரியும் இடுக்கை மெதுவாக விரித்து, ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் செடியைத் தட்டினால் ஊசிமுனை அளவு மஞ்சள் பூச்சிகள் ஓடுவது தெரியும். வறண்ட வெயில் நாட்களில் பெருகும். இவை சுரண்டிய காயத்தின் வழியாகத்தான் ஊதாப் புள்ளிப் பூசணம் எளிதாக நுழைகிறது; அதனால் கோடையில் பேனைக் கட்டுப்படுத்தியவருக்கு மழைக்காலத் தொல்லை பாதியாகக் குறையும். நீலநிற ஒட்டும் அட்டையைத் தாள் உயரத்துக்குத் தொங்கவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து இடுக்குக்குள் இறங்கும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். மேலோட்டமாகத் தாளின் வெளிப்புறத்தில் தெளிப்பது வீண்.

தாளிலும் பூத்தண்டிலும் வைக்கோல் நிறத்தில், இரு முனையும் கூர்ந்த கதிர் வடிவப் புள்ளிகள் தோன்றினால் அது இலைப்பேன் கொண்டுவரும் வைரஸ். அதற்கு மருந்து இல்லை. செடியை அகற்றுவதும் பேனைக் குறைப்பதும் மட்டுமே உண்டு.

எல்லாச் செடியிலும் நுனி ஒரே அளவில் காய்கிறது. வேர் வெள்ளையாக, நலமாக இருக்கிறது

நோய் ஒருபோதும் எல்லாச் செடியையும் ஒரே நாளில் ஒரே அளவில் பிடிக்காது. இப்படி நேர்ந்தால் தண்ணீரைப் பாருங்கள். பை விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெண்படிவம் இருந்தால் உப்பு. வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர்களில் ஒன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டுமே கிடைக்கும் நகரப் பகுதிகளில் இது மிகச் சாதாரணம். பையின் கொள்ளளவுக்கு ஈடாக மழைநீரோ நல்ல நீரோ மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். இரண்டு வாரத்தில் புதிதாக வரும் தாள் பச்சையாக இருந்தால் காரணம் உறுதியாகிவிடும்.

பூண்டில் கவனிக்க வேண்டியவை

மலைப் பகுதிகளில் பூண்டு வைத்திருப்பவர்கள் இரண்டு அறிகுறிகளைப் பிரித்தறிய வேண்டும். பனி படர்ந்த அதிகாலையில் தாளின்மேல் சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பஞ்சுபோன்ற படலம் தெரிந்து, வெயில் ஏறியதும் மறைந்து, அந்த இடம் வெளிறிப்போனால் அது அடிச்சாம்பல் நோய், வெங்காயத்தையும் பிடிக்கும். பத்து மணிக்குமேல் தோட்டத்துக்குப் போகிறவர் அதைக் காணவே மாட்டார். தாளைத் தடவினால் விரலில் மஞ்சள்தூள்போல் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அது துரு நோய். அறுவடைக்கு அருகில் வந்தால் கவலை வேண்டாம், இளம்பருவத்தில் வந்தால் தாளை நறுக்கி, செடிகளுக்கு இடையே காற்றோட்டம் தந்து, தேவைப்பட்டால் போர்டோ கலவை தெளிக்கலாம்.

தாளில் நீளவாக்கில் வெளிர்மஞ்சள் கோடுகள் விழுந்து, பூண்டின் பருமன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தால் அது தேமல் வைரஸ். பூண்டு விதையால் அன்றிப் பல்லால் மட்டுமே பெருகுவதால், ஒருமுறை ஏறிய வைரஸ் பல்லோடு பல்லாகத் தொடர்ந்து வரும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்துச் செடிக்குக் கடத்தும். கோடுள்ள செடியை அடையாளமிட்டுத் தனியே அறுவடை செய்து சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதன் பல்லை நட வேண்டாம்.

சமவெளியில் இருப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வி: தாள் செழிப்பாக வளர்ந்தும் பூண்டு பல் பிரியாமல் ஒற்றைக் குமிழாக நிற்கிறதே, இது என்ன நோய்? நோய் எதுவும் இல்லை. பல் பிரிவதற்குப் பூண்டுக்குக் குளிர் வேண்டும். 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும், மேட்டுப்பாளையம் சந்தைக்கு வரும் நீலகிரிப் பூண்டும் மலையில் விளைவதற்குக் காரணம் அதுவே. சமவெளியில் பூண்டைத் தாளுக்காக வளர்த்தால் ஏமாற்றம் இராது. ஒற்றைக் குமிழும் சமையலுக்கு ஏற்றதே.

கழுத்து கொழகொழக்கிறது, துர்நாற்றம் வருகிறது

பூசண அழுகலில் இத்தனை நாற்றம் இராது. குமிழின் கழுத்தை அழுத்தும்போது கலங்கிய நீர் கசிந்து மூக்கைத் துளைத்தால் அது பாக்டீரியா மென்னழுகல். அறுவடையை ஒட்டிப் பெய்யும் மழையும், களை எடுக்கும்போது பட்ட காயமும் இதற்கு வாசல். தாள் சாயத் தொடங்கியதும் நீரை நிறுத்திவிட வேண்டும். பத்து நாளாவது நீரில்லாமல் இருந்த வெங்காயம்தான் வைப்புக்குத் தாங்கும். அழுகியதைக் கண்டால் அதைத் தொட்ட கையையும் கரண்டியையும் கழுவிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

அறுவடைக்குப் பிறகு கரும்பொடி, பச்சைப் பூசணம்

வெங்காயத்தின் வெளிச்சருகுக்குக் கீழே அடுப்புக்கரிபோன்ற பொடி இருப்பது கரும்பூசணம். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்த இடத்தில் வைத்தால் வரும். சருகோடு நின்றிருந்தால் உரித்துக் கழுவிச் சமைக்கலாம். சதையில் இறங்கிவிட்டால் எறிந்துவிட வேண்டும், எந்த நிலையிலும் விதைக்கு வைக்கக் கூடாது. அறுவடை செய்த வெங்காயத்தை ஒரு வரிசையின் தாள் மறு வரிசையின் குமிழை மூடும்படி அடுக்கி மூன்று நான்கு நாள் உலர்த்தி, கழுத்து முழுதும் சருகானபின் நறுக்கினால் பூசணம் நுழைய வழி இராது. விவசாயிகள் வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையில் தரைக்குமேல் காற்று ஓடுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். வீட்டில் மூங்கில் தட்டையோ வலைப்பையையோ சுவரில் ஒட்டாமல் தொங்கவிடுவது அதே வேலையைச் செய்யும். பிளாஸ்டிக் டப்பாவும் குளிர்பெட்டியும் வேண்டாம்.

பூண்டில் நீலமும் பச்சையும் கலந்த பூசணம் பெரும்பாலும் காயம் பட்ட பல்லில் தொடங்கும். நடுவதற்காகப் பல்லை முன்கூட்டியே உதிர்த்து வாரக்கணக்கில் வைத்திருந்தால் இது எளிதில் வரும். நடும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ மட்டும் உதிர்த்து, தோல் கிழியாத பெரிய பற்களை நட்டு, தோல் கிழிந்ததை அன்றைய ரசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.